பூஜ்யத்தில் வைத்த ஒலி

காது கேட்டதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். இருபத்தாறு வருடம் வாங்கினேன். நான் சொல்வதில் கால்வாசி பொய் என்பாள் என் மனைவி. எந்தக் கால்வாசி என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. ஆகவே முழுவதையும் நம்பிவிடுவது உங்களுக்குச் சுலபம்.

வேலை இதுதான். அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர்கள், எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று முறையிட ஒரு வாரியம் இருந்தது. வாரியத்தின் இயக்குநர் அவர்களை எதிரே உட்காரவைத்து விசாரிப்பார். விசாரணை முழுவதும் ஒலிப்பதிவாகும். அந்தப் பதிவை நான் ஹெட்போனில் கேட்டு, இருமல் தும்மல் உட்பட ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். விசாரணை நடந்த இருபத்தோரு நாளுக்குள் அந்தப் பிரதி மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் முறையீடு தானாகச் செத்துவிடும். ‘காலாவதி’ என்று ஒரு சிவப்பு முத்திரை குத்துவார்கள். அலுவலகத்தில் மற்ற முத்திரைகளெல்லாம் காய்ந்து கிடக்கும். அது மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.

எங்கள் அலுவலகத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பண்டகப் பிரிவிலிருந்து எந்தப் பொருள் வெளியே வந்தாலும் அதைக் ‘குறைந்தபட்ச நிலை’யில் வைத்துத்தான் கொடுப்பார்கள். மின்விசிறி ஒன்றாம் எண்ணில் வரும். விளக்கு மங்கலாக வரும். சுழல் நாற்காலி அடிமட்டத்துக்கு அமுக்கப்பட்டு வரும். பொருள் தேயாமலிருக்க என்று எப்போதோ யாரோ போட்ட சுற்றறிக்கை. கூட்ட வேண்டுமென்றால் ‘உயர்த்தல் அனுமதி’ கேட்டு எழுத வேண்டும். என் நாற்காலிக்கு நான் எழுதிக் கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பேன். எதிரே நிற்பவருக்கு மேசைக்கு மேல் என் தலை மட்டும்தான் தெரியும். யாரோ தலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் பயந்ததுண்டு. பழகிய பிறகு அந்தத் தலையிடமே வழி கேட்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை பழைய கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போய்ப் புதியவற்றை வைத்தார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று கம்ப்யூட்டர் பெட்டியை இரும்புக் கூண்டில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஹெட்போன் செருகும் ஓட்டையும் பெட்டியோடு கூண்டுக்குள் சிறைப்பட்டது.

“கவலைப்படாதீங்க. படமும் சத்தமும் ஒரே கேபிள்ல மானிட்டருக்கு வந்துரும். மானிட்டருக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்கு. அதுல செருகிக்குங்க” என்றார் தொழில்நுட்ப அதிகாரி.

செருகினேன். பதிவை ஓட்டினேன். திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஏறி இறங்கியது. காதில் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்தாலாவது ஏதோ கேட்கும். இதில் அதுகூட இல்லை.

அன்று நான் ஓட்டிய பதிவு ஒரு விடுதிச் சமையல்காரம்மாவுடையது. விசாரணை நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தம்மா என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் தினமும் வந்து உட்காருவாள். அவள் செய்த குற்றம், அடுப்பைப் பற்றவைக்காதது. சமையலறையில் காஸ் வாடை அடிக்கிறது, பற்றவைக்க மாட்டேன் என்று ஒருநாள் காலையில் சொல்லிவிட்டாள். மேலதிகாரியின் உத்தரவை மீறினாள் என்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

“அண்ணே, என் குரல் வந்துச்சா?”

“வரலம்மா.”

“என்னுது வராட்டி போகுது. விடுதி சூப்பரின்டெண்ட் குரலாவது வந்துச்சா? எனக்கும் வாடை வந்துச்சுன்னு அவரே ஒத்துக்கிட்டாருண்ணே. அந்த ஒரு வார்த்தை ஏறிட்டா போதும்.”

அந்த ஒரு வார்த்தை கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பச்சையாகத் துள்ளிக்கொண்டும் இருந்தது. என் காதுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் கேபிள்தான். ஒன்பது நாள் மீதமிருந்தது.

புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தொழில்நுட்ப அதிகாரி வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தார்.

“சத்தம் வரலன்னு எழுதியிருக்கீங்க. வருதே.”

“எங்க சார்?”

“அதோ. பச்சை துள்ளுதா இல்லையா?”

“துள்ளுது சார். காதுல விழல.”

“காது என் பிரிவு இல்ல.” பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். குனிந்து விளக்கினார். “சத்தங்கறது என்னங்க? ஒரு சிக்னல். அதை நான் அனுப்பறேன். அனுப்பினதுக்கு அத்தாட்சி திரையில இருக்கு. போய்ச் சேந்துச்சான்னு பாக்கறது அனுப்பறவன் வேலையா? அப்படிப் பாக்க ஆரம்பிச்சா இந்த நாட்டுல ஒருத்தராலயும் எதையும் அனுப்ப முடியாது.”

புகார்த் தாளில் ‘கண்ணால் சரிபார்க்கப்பட்டது. ஒலி நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நம்ம டி.வி.ல சத்தம் கூட்டப் பட்டன் இருக்கில்ல? உங்க மானிட்டருக்கும் அடியில எங்கயாச்சும் இருக்கும். தடவிப் பாருங்க.”

“அவ்ளோ பெரிய இன்ஜினீயருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்.”

“அவரு படிச்சவரு. பாவம், என்ன செய்வாரு.”

மறுநாள் மானிட்டரின் கீழ் விளிம்பைத் தடவினேன். இருந்தது. ஒரு மிளகு அளவு பட்டன். அழுத்தப் போன நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கையை எடுங்க!”

எங்கள் தலைமை எழுத்தர். அவரை நாங்கள் ‘விதி’ என்று கூப்பிடுவோம். தும்மினால்கூட எந்த விதியின் கீழ் என்று சொல்லிவிட்டுத் தும்முகிறவர். “அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, படிங்க” என்றார். நின்றால் அது யார் கண்ணுக்கும் படாது. என் நாற்காலியின் உயரத்திலிருந்து பார்த்தால் மட்டும் சரியாகத் தெரியும். ‘பணியாளர் எவரும் தொடக் கூடாது. விதி 17.’

“உயர்த்தல் அனுமதி வாங்கிட்டு வந்து அழுத்துங்க. நானே பக்கத்துல நின்னு கைதட்டறேன்.”

பண்டகப் பிரிவுக்குப் போனேன். பண்டக அதிகாரி பதிவேட்டைத் திறந்து விரலால் தடவிக் காட்டினார். “பாருங்க. மானிட்டர் ஒண்ணு. வெளிச்சம் பத்து. சத்தம் பூஜ்யம். என் கையால வெச்சுக் குடுத்தேன்.” தன் குழந்தைக்குப் பொட்டு வைத்து அனுப்பியவர் போலச் சொன்னார்.

“ஒண்ணுக்காவது ஏத்தக் கூடாதா சார்?”

“இன்னைக்கு ஒண்ணு கேப்பீங்க. நாளைக்கு ரெண்டு கேப்பீங்க. அப்புறம் பக்கத்து மேசைக்காரர் மூணு கேப்பார். நான் எங்க போவேன்? மானிட்டர் எதுக்குங்க? பாக்கறதுக்கு. அது பேசவும் செய்யணும்னா பேராசை இல்லையா?”

“அனுமதிக்கு என்ன செய்யணும்?”

“சுலபம். சத்தம் இல்லைன்னு தொழில்நுட்பப் பிரிவுல சான்று வாங்கிட்டு வாங்க.”

தொழில்நுட்பப் பிரிவு ஒலி நலம் என்று முந்தைய நாளே எழுதிவிட்டது. எழுதியதை மாற்றச் சொன்னால், “கண்ணால பாத்ததை இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?” என்று அந்த அதிகாரி கண் கலங்கினார்.

இதற்கு நடுவில் விதி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். “சத்தம் நலம்னு சான்று இருக்கு. உங்களுக்குக் கேக்கல. அப்ப பழுது எங்க இருக்கு?” என் காதையே பார்த்தார். ஒருநாள் முழுக்கக் காது டாக்டரிடம் வரிசையில் நின்றேன். இரு காதுகளும் நலம் என்று எழுதி வாங்கி வந்து கொடுத்தேன். விதி இரண்டு சான்றுகளையும் சேர்த்துக் குத்தினார். முகம் மலர்ந்துவிட்டது.

“கம்ப்யூட்டர் நலம். காது நலம். பாத்தீங்களா, பிரச்சினையே இல்ல.”

பெஞ்சிலிருந்து சமையல்காரம்மா கேட்டாள். “அண்ணே, வந்துச்சா?”

“எல்லாம் நலமாம்மா.”

“எங்க விடுதியிலயும் அப்படித்தாண்ணே சொன்னாங்க” என்றாள்.

பதினெட்டாம் நாள் இயக்குநரைப் பார்க்க முடிந்தது. நல்ல மனிதர். யார் வந்தாலும் உட்காரச் சொல்வார். உட்கார்ந்ததும் தன் கடிகாரத்தைப் பார்ப்பார்.

“உங்க வேலை என்ன?”

“கேக்கறதைத் தட்டச்சு பண்றது ஐயா.”

“என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கல.”

“அப்ப அதைத் தட்டச்சு பண்ணுங்க. ‘மனுதாரர் எதுவும் கூறவில்லை’ன்னு ஒரே வரி. எவ்ளோ சுத்தமான பிரதி! உங்களை மாதிரி அனுபவசாலி இதுக்கு எதுக்கு இத்தனை நாள் அலையணும்?”

“ஐயா, அந்தம்மா நாப்பது நிமிஷம் பேசியிருக்காங்க. விசாரிச்சதே நீங்கதானே?”

“நான் அன்னைக்குக் கேட்டதைத் தட்டச்சு பண்ணச் சொல்லலையே. நீங்க இன்னைக்குக் கேக்கறதைத்தானே சொல்றேன்.” சிறிது யோசித்தார். “உங்க புகார் ஒண்ணுதான் இந்த வருஷம் முடிக்காம நிக்குது. மேலிடத்துல கேக்கறாங்க. அதை நான் விழா எடுத்து முடிச்சு வைக்கப் போறேன்.”

நான் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வந்து தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகி, ‘மனுதாரர்’ என்ற சொல் வரைக்கும் தட்டச்சு செய்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. பெஞ்சில் அவள் ஒரு டப்பாவைத் திறந்து தன் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறிப்போன சாதம். ஒரு காலத்தில் இருநூறு பேருக்குச் சூடாகப் போட்டவள்.

இருபத்தோராம் நாள் காலை பதினொரு மணிக்கு ‘ஒலி உறுதிப்படுத்தும் விழா’. என் மேசையைச் சுற்றித்தான். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் வந்தார்கள். பயனாளி என்று படத்தில் ஒருவர் இருக்க வேண்டுமாம். பெஞ்சிலிருந்து சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு மானிட்டர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

எங்கள் விழாக்களில் முதலில் கையெழுத்து, பிறகுதான் நிகழ்ச்சி. நிகழ்ச்சி முடிந்தால் எல்லோரும் டீக்கு ஓடிவிடுவார்கள் என்பதால் விதி செய்துவைத்த ஏற்பாடு. சான்றிதழை அவரே வாசித்தார். “கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் பதினொருவரும் இப்பதிவைத் தொடக்கம் முதல் முடிவு வரை எங்கள் சொந்தக் காதுகளால் ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்டோம் என்றும், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்றும் உறுதியளிக்கிறோம்.” பதினொருவரும் போட்டார்கள். இயக்குநர் பச்சை மையில் போட்டார்.

பிறகு அவர் பேசினார். “இந்த அலுவலகத்துல சத்தம் இல்லைன்னு ஒரு குரல் எழுந்துச்சு. அந்தக் குரலை நாங்க அலட்சியப்படுத்தல. ஒம்பதே நாள்ல அடக்கிட்டோம்!” கைதட்டல். “வெளியில நம்மளைக் கேளாச்செவியர்னு பேசறாங்க. வந்து பாக்கட்டும். நம்ம சத்தம் கண்ணுக்கே தெரியுது!” இன்னும் பலமான கைதட்டல்.

படம் எடுக்க அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தொழில்நுட்ப அதிகாரி பதிவை ஓட்டினார். பச்சைக் கோடு துள்ளியது. இயக்குநர் கண்ணை மூடித் தாளம் போடுகிறவர் போலத் தலையசைத்தார். “ஆகா, எவ்ளோ தெளிவு.”

நான் என் நாற்காலியில், எல்லோருடைய இடுப்புக்கும் கீழே இருந்தேன். கண்ணுக்கு நேரே அந்த ஸ்டிக்கர். ஒரு வாரமாகப் படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்ட அதே வரி. பணியாளர் எவரும் தொடக் கூடாது.

பணியாளர்.

அந்தக் கட்டடத்தில் அந்த நேரத்தில் பணியாளர் அல்லாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைப் பணியிலிருந்து நீக்கிய உத்தரவு, முத்திரையோடு, என் கோப்பிலேயே இருந்தது.

“அம்மா” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். “மானிட்டருக்கு அடியில மிளகு மாதிரி ஒண்ணு இருக்கு. அதைக் கொஞ்சம் அமுக்குங்க.”

“அமுக்கலாமாண்ணே?”

“இங்க நீங்க ஒருத்தர்தாம்மா அமுக்கலாம்.”

அமுக்கினாள். பெரிய அடுப்புத் திருகைப் பிடித்துப் பழகிய கை. ஒருமுறை தொட்டு விடத் தெரியாது. அமுக்கியபடியே இருந்தாள். திரையின் ஓரத்தில் ஓர் எண் ஓடியது. பத்து, முப்பது, எழுபது, நூறு.

இயக்குநர் ஒரு முழ உயரம் எழும்பினார். கால்வாசிக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள், நான் கண்ணால் பார்த்தேன். அவர் எழும்பிய வேகத்தில் ஹெட்போன் வயர் ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. உடனே மானிட்டர் தன் சொந்தத் தொண்டையைத் திறந்தது. அவ்வளவு சின்னப் பெட்டிக்கு அத்தனை பெரிய குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“...வாடை அடிச்சுச்சுங்கய்யா. உள்ள இருநூறு பிள்ளைங்க தூங்குது. எப்படிப் பத்த வைப்பேன்?” சமையல்காரம்மாவின் குரல். பக்கத்தில் நின்ற அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து விடுதி சூப்பரின்டெண்டின் குரல். “வாடை எனக்கும் வந்துச்சு சார். இல்லைன்னு சொல்லல. ஆனா வாடை வருதுன்னு இவங்க எழுத்துல குடுக்கலையே? மூக்கை நம்பி நான் எப்படி அடுப்பை நிறுத்த முடியும்?”

அதற்குப் பின் இயக்குநரின் குரல், மிகத் தெளிவாக. “அதை விடுங்க. தீர்ப்பை நான் நேத்தே எழுதிட்டேன். இது சும்மா மரியாதைக்கு. பதிவை நிறுத்திட்டீங்களா?”

விதியின் குரல். “நிறுத்த அதிகாரம் கேட்டு எழுதியிருக்கேன் ஐயா. இன்னும் வரல.”

இயக்குநர் மானிட்டர் மீது பாய்ந்தார். அவர் கை பட்டனுக்குப் போனதும், முப்பது வருடப் பழக்கம், விதியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. “ஐயா, விதி பதினேழு! எவரும்னா நீங்களும்தான்.”

“அப்ப நீ குறைய்யா!” என்று தொழில்நுட்ப அதிகாரியைப் பார்த்துக் கத்தினார்.

“அனுப்பறது மட்டும்தாங்க ஐயா என் வேலை.”

“பண்டகம்! நீங்க குறைங்க!”

பண்டக அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. “உயர்த்தத்தான் படிவம் இருக்கு ஐயா. குறைக்கப் படிவமே இல்ல. நம்ம ஆபீஸ்ல எதுவுமே குறைக்கற உயரத்துக்குப் போனதில்லையே!”

கடைசியில் இயக்குநர் சமையல்காரம்மாவிடம் வந்தார். குரல் குழைந்திருந்தது. “அம்மா, நீங்களே கொஞ்சம் குறைச்சிடுங்க.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எழுத்துல குடுங்கய்யா” என்றாள்.

பதிவு நாற்பது நிமிடம் ஓடியது. வாசலில் போகிறவர்கள் உள்ளே வந்து நின்று கேட்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. கேட்பதைத் தட்டச்சு செய்வதுதானே என் வேலை? செய்துகொண்டிருந்தேன். முதலில் சத்தமில்லாமல் ஓடிப்போனதையும் கடைசியில் திருப்பி ஓட்டி, ஒரு சொல் விடவில்லை. இயக்குநர் அன்று இருமிய இருமலைக்கூட விடவில்லை. கடைசிப் பக்கத்தோடு, பதினொருவரும் தங்கள் சொந்தக் காதுகளால் கேட்டதாகக் கையெழுத்திட்ட சான்றிதழையும் சேர்த்துக் குத்தி, மாலைக்குள் மேலிடத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். சிவப்பு முத்திரை அன்று ஒரு நாளாவது காய்ந்தது.

மூன்று வாரத்தில் அவளை மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவு வந்தது. இயக்குநர் மீதும் நடவடிக்கை எடுத்தார்கள். இன்னும் பெரிய ஒரு வாரியத்துக்குத் தலைவராக்கி அனுப்பினார்கள். எங்கள் அலுவலகத்தில் கேட்காமலே உயர்த்தல் அனுமதி கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான். மானிட்டரைப் பண்டகப் பிரிவு எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கில் கட்டி வைத்தது.

உத்தரவை வாங்க அவள் வந்தாள். படித்துக் காட்டச் சொன்னாள். ‘நாளை காலை முதல் பணியில் சேர’ என்று படித்தேன். விதியின் காதில் அது விழுந்தது.

“நாளைக்குன்னா... இன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் நீங்க பணியாளர் இல்ல?”

“இல்லீங்களே.”

விதி இரண்டு பக்கமும் பார்த்தார். அவள் அருகே குனிந்தார். “என் மேசைக்கு மேல இருக்கற ஃபேன்... ரெண்டுல வெச்சா போதும்.”

அரை மணி நேரத்தில் அவள் பெஞ்சுக்கு முன்னால் வரிசை நின்றது. விளக்குக்காரர்கள், ஃபேன்காரர்கள், மேசை இழுப்பறை பாதிதான் திறக்கும்படி ஆணி அடித்து வாங்கியவர்கள். பண்டக அதிகாரியும் நின்றார், தன் மேசை விளக்குக்காக. அவள் ஒவ்வொருவரிடமாகப் போய்த் திருகினாள், அமுக்கினாள், தூக்கினாள். ஐந்து மணிக்குக் கடைசியாக என்னிடம் வந்தாள்.

“எந்திரிங்கண்ணே.”

எழுந்தேன். நாற்காலிக்கு அடியில் கைவிட்டு ஏதோ இழுத்தாள். அது பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே வந்தது. உட்கார்ந்தேன். கால் தொங்கியது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக, உட்கார்ந்தபடி என் மேசையை மேலிருந்து பார்த்தேன். அதற்கு அப்பால் ஒரு ஜன்னல் இருந்தது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே தெருவைத் தாண்டி வேறொரு இலாகாவின் கட்டடம். அதன் ஜன்னலுக்குள் ஒரு மேசை. மேசை மேல் ஒரு தலை.

நான் கையசைத்தேன். அந்தத் தலை என்னைப் பார்த்து மெல்ல ஆடியது. கையைத் தூக்கினால் மேசைக்கு மேலே எட்டாது போலிருக்கிறது.